ஒன்றாம் நம்பர் வீடு

பெட்டியை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து, நிலைப்படியில் ஒரு இடி இடித்து, "மெல்லப்பா, மெல்ல" என்று ஒருவரையொருவர் அதட்டி, ஒருவழியாகக் கூடத்தில் இறக்கி வைத்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. பிளக் பொருந்தவில்லை. ஐஸ் பெட்டியின் பிளக்கில் மூன்று தடித்த பின்கள். சுவரில் இருந்ததோ செல்போன் சார்ஜ் போடுகிற சின்ன ஓட்டை. கொத்தனார் நேராகக் குத்திப் பார்த்தார், திருப்பிக் குத்திப் பார்த்தார். பிறகு கூடத்தில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பாயின் பக்கம் திரும்பினார்கள். இந்த மாதிரி விஷயமெல்லாம் அவளைத்தான் கேட்க வேண்டும். அவளோ காலை ஆறு மணிக்கே போய்விட்டாள். பாயில் கிடந்தது உடம்புதான்.

திரும்பிப் பார்த்துவிட்டோம் என்று உறைத்ததும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தையல்காரருக்கு அத்தனை அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"பாத்தியா, இன்னைக்குக்கூட உன்னை நிம்மதியா படுக்க விடமாட்டேங்கிறாங்க" என்று மனைவியின் காதருகே குனிந்து சொன்னார். சொன்ன கையோடு தேம்பி அழுதார்.

கடைசியில் நர்ஸம்மாதான் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த நீளமான ஒயரைக் கண்டுபிடித்தாள். அதன் ஒரு முனையில் பெரிய பின்னுக்கான பெட்டி, மறுமுனை சமையலறையில் இருந்த பவர் பாயிண்டுக்கு. எட்டுகிற நீளத்துக்கு அளந்து வெட்டி வைத்தது போல் சரியாக இருந்தது. சொருகியதும் பெட்டி ஒரு தரம் இருமிவிட்டு உறுமத் தொடங்கியது. அதன் விசிறியைப் போன மாதம் மாற்றிப் போட்டதே அவள்தான்.

அவளுக்கு ஊரில் டெஸ்டர் என்று பெயர். கொண்டையில் பூ வைக்கிற இடத்தில் கரண்டு பார்க்கிற டெஸ்டரைச் செருகிக்கொண்டு திரிந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? பெரியவர்களுக்கு டெஸ்டர், சின்னவர்களுக்கு டெஸ்டரக்கா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தார் ரோடு முடிந்து, மண் ரோடும் முடிந்து, இனி என்ன இருக்கப்போகிறது என்று வண்டிக்காரன் சலித்துக்கொள்கிற இடத்தில் இருந்தது அந்த ஊர். நாற்பத்திரண்டு வீடுகள், ஒரு மருத்துவ நிலையம், ஒரு பள்ளிக்கூடம். ஆபீஸ் காகிதங்களில் இங்குள்ளவர்களுக்குப் பூர்வகுடிகள் என்று பெயர். எல்லோருக்கும் முன்னால் இந்த மண்ணுக்கு வந்தவர்கள் என்று அர்த்தமாம். அது சரி, முன்னால் வந்தவர்களுக்குக் கரண்டை மட்டும் கடைசியாகக் கொடுத்தார்கள். தண்ணீர்க் குழாய் அதற்கும் பிறகு.

வீடுகளை எங்கோ தூரத்தில் உட்கார்ந்து யாரோ வரைந்து, யாரோ கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஜன்னல் இருக்கும், திறக்காது. குளியலறை இருக்கும், தண்ணீர் வெளியே போகாமல் கூடத்துக்கு வரும். அடுப்பு இருக்கும், புகைக்கு வழி இருக்காது. அப்படி ஒரு வீட்டில் பதினொரு பேர் ஒரே அறையில் படுத்து எழுந்துதான் டெஸ்டர் வளர்ந்தாள். ஒருத்தருக்குத் தொண்டைப்புண் வந்தால் பதினொரு பேருக்கும் வரும். அவளுக்கு அந்தத் தொண்டைப்புண் மூட்டுக் காய்ச்சலாகி, காய்ச்சல் போகும்போது இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. முப்பது வயதில் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றித் தைத்து அனுப்பினார்கள்.

"தையல் சுமார்தான்" என்று அன்றைக்கே அபிப்பிராயம் சொன்னார் தையல்காரர். "என்கிட்ட குடுத்திருந்தா இதைவிட நேரா போட்டிருப்பேன்."

"சிரிக்க வைக்காதீங்க, பிரிஞ்சிடும்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள் அவள்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு டாக்டர் அவளிடம் வால்வு ஏன் கெட்டது என்று படம் போட்டு விளக்கியிருக்கிறார். நெரிசல், ஈரம், கை கழுவத் தண்ணீர் இல்லாமை. அதைக் கேட்டுவிட்டு வந்தவள் பிறகு சும்மா இருக்கவே இல்லை. நகரத்துக்குப் போய் ஆறு மாதம் ஒயரிங் படித்தாள், பிளம்பிங் படித்தாள். திரும்பி வந்து தம்பி கொத்தனாரைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாக இறங்கினாள்.

அவள் சோதிக்கிற முறையே தனி. "வீடு எப்படி இருக்கு?" என்று கேட்கமாட்டாள். கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள் என்பாள். இரண்டு வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், அந்த வீட்டுக் குளியலறையில் உட்காரவைத்து நிஜமாகவே குளிப்பாட்டுவாள். குழாயில் தண்ணீர் வருகிறதா, வெதுவெதுப்பாக வருகிறதா, வாளி எத்தனை எண்ணுவதற்குள் நிறைகிறது? கடைசிச் செம்பை ஊற்றிவிட்டு வெளியே வந்து நின்று ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுவாள். இருபதுக்குள் தண்ணீர் முழுக்க வடிந்துவிட வேண்டும். வடியாவிட்டால் கொத்தனார் கடப்பாரையோடு வருவார். ஒரே நாளில் நான்கு வீடுகளில் குளித்து விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போய் அந்தப் பிள்ளை வீடு திரும்பும்.

"ஊர்லயே உங்க பொண்ணுதாங்க சுத்தமான பொண்ணு" என்று தையல்காரரைக் கிண்டல் செய்வார்கள்.

மகளுக்கு எட்டு வயதாகி, இனிமேல் அடுத்தவர் வீட்டில் குளிக்கமாட்டேன் என்று காலை உதைத்து அழுத பிறகுதான் அந்த வேலைக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வைத்தாள்.

ஒரு தரம் நகரத்திலிருந்து வந்த என்ஜினியர், வடிகால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஜனங்களுக்குத்தான் வீட்டை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று எழுதப்போனார். டெஸ்டர் ஒரு துண்டையும் சோப்பையும் அவர் கையில் கொடுத்தாள். "சார், நீங்களே ஒரு தரம் குளிச்சிட்டு எழுதுங்க." ஊரே வெளியில் நிற்கும்போது மனுஷன் என்ன செய்வார்? உள்ளே போனார். மூன்றாவது செம்பிலேயே கணுக்கால் வரை தண்ணீர். நான்காவது செம்பில் அவருடைய செருப்பு மிதந்து கூடத்துக்கு வந்தது. அடுத்த மாதமே புதுக் குழாய்கள் வந்து இறங்கின. கூரைகளில் சோலார் ஹீட்டர் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சோலார் தகடுகளும் பேட்டரி அறையும் வந்தன. இந்தக் கதையைத் தையல்காரர் எத்தனை பேரிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. இப்போதும் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாரிடமோ அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். செருப்பு மிதந்த இடம் வந்ததும் குரல் உடைந்து நிறுத்திவிட்டார்.

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிஷம்" என்று சுவரைப் பிடித்தாள். அவ்வளவுதான். ஓடிவந்த நர்ஸம்மா அரை மணி நேரம் போராடினாள்.

ஏழு மணிக்கு மருத்துவ நிலையத்துப் போனில் மகளுக்குச் சொன்னார்கள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. நகரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நான்கு நாட்களாகப் பெய்த மழையில் பாலம் தண்ணீருக்குள் கிடந்தது. ஆற்றைச் சுற்றி மலைப்பாதையில் வந்தால் நாளை மதியம் ஆகும் என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பா, எனக்கு அம்மா முகத்தைப் பாக்கணும். நான் வர்ற வரைக்கும் பெட்டியை நிறுத்திடாதீங்கப்பா."

"நிறுத்தமாட்டேன்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

பத்து மணிக்கு டவரும் செத்துப் போன் அடங்கியது. அதற்குப் பிறகு அவளோடு பேச வழியில்லை.

மதியம்வரை வந்தவர்களும் போனவர்களுமாக இருந்தார்கள். மழைக் கோட்டுகளும் குடைகளும் வெளியே சொட்டிக்கொண்டிருந்தன. தையல்காரர் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார். பட்டப்பகலில் இருட்டிக் கிடக்கிறது, எதிர்வீட்டில் விளக்கு இல்லை. பக்கத்து வீட்டில் விசிறி இல்லை. தெருக்கோடிவரை ஒரு வீட்டிலும் வெளிச்சம் இல்லை.

"கரண்டு போயிடுச்சா?" என்று கேட்டார். ஆனால் பெட்டி உறுமிக்கொண்டுதான் இருந்தது.

"போகல மச்சான்" என்றார் கொத்தனார். "அவங்கவங்களே போய் நிறுத்திட்டாங்க. நாலு நாளா வெயில் இல்ல. பேட்டரியில மிச்சம் இருக்கறது அக்காவுக்கு இருக்கட்டும்னு."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

தையல்காரர் இருண்டு கிடந்த தெருவை இன்னொரு தரம் பார்த்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நர்ஸம்மா மட்டும் ஒரு இடத்தில் நிலைகொள்ளவில்லை. வந்தாள், பெட்டியைப் பார்த்தாள், போனாள். அரை மணியில் மறுபடி வந்தாள். வெளியூர்க்காரி, ஒன்பது வருஷமாக இங்கேயே இருக்கிறாள். ஏதோ சொல்ல வாயெடுப்பதும் விழுங்குவதுமாக இருந்தாள். மூன்றாம் தரம் வந்தபோது தையல்காரர் கேட்டேவிட்டார்.

"என்னம்மா, சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல அண்ணே. சும்மாதான்."

"சும்மா வர்ற ஆளா நீங்க? என் பொண்டாட்டி உங்களைப் பத்தி என்ன சொல்லுவா தெரியுமா? நர்ஸம்மா மூஞ்சிய பாத்தாலே காய்ச்சல் எத்தனைன்னு தெரிஞ்சுடும்பா."

நர்ஸம்மா அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். பேட்டரி மதியம் நாற்பத்தொன்றில் இருந்தது. இப்போது நான்கு மணிக்கு முப்பத்துநான்கு. இருபதுக்கு இறங்கினால் பேட்டரி அறையில் இருக்கிற மிஷின் தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். பெட்டியும் ஓடினால் நடுராத்திரிக்குள் இருபது ஆகிவிடும். பெட்டி இல்லாவிட்டால் காலை ஒன்பது வரை தாங்கும், அதற்குள் கொஞ்சமாவது வெளிச்சம் வரும். ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரும் லாரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

"என் ஃப்ரிட்ஜ்ல இன்சுலின் இருக்கு, பிள்ளைங்க தடுப்பூசி இருக்கு. அதையாவது ஐஸ் போட்டுக் காலை வரைக்கும் சமாளிச்சுடலாம். டிரைவர் அண்ணன்தான்..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

டிரைவர் அண்ணன் முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். நுரையீரல் போய்விட்டது. சுவரோரம் ஒரு மிஷின், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அது நின்றால் கையிருப்பில் ஒரு சின்ன சிலிண்டர், இரண்டு மணி நேரத்துக்கு.

பேச்சு எப்படி அவர் காதுக்குப் போனதோ, கொஞ்ச நேரத்தில் அவரே வந்துவிட்டார். அந்தச் சின்ன சிலிண்டரைச் சக்கர வண்டியில் வைத்து மனைவி தள்ள, அவர் குடையைப் பிடித்துக்கொண்டு, மூன்று அடிக்கு ஒரு தரம் நின்று நின்று வந்தார்.

"எதுக்குண்ணே மழையில? இப்படி உக்காருங்க" என்று தையல்காரர் பதறினார்.

"உக்காந்தா... எந்திரிக்க முடியாது... தம்பி." பெட்டியின் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தங்கச்சி... தூங்கற மாதிரி இருக்கு." மூச்சு வாங்கினார். "பெட்டியை நிறுத்தாதீங்க. பொண்ணு வந்து... பாக்கட்டும். ராத்திரி என் மிஷினை... நிறுத்திக்கறேன். தலகாணியில சாஞ்சு... உக்காந்தே ஓட்டிடுவேன். பஸ்ஸு... ஓட்டினவன்தானே?"

அவர் மனைவி சிலிண்டரின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தாள். 

தையல்காரருக்கு, உள்ளதைச் சொன்னால், "சரிண்ணே" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காலையில் வெயில் அடித்துவிடலாம். டிரைவர் அண்ணன் இதைவிட மோசமான ராத்திரிகளைப் பார்த்திருக்கிறார். பெற்ற பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதற்கு அவர் சத்தியமும் செய்திருந்தார். வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்து செருப்பைத் தேடினார்.

"மாப்ளே, அந்தக் கரண்டு ரூமுக்கு என்னைக் கூட்டிட்டுப் போ."

கொத்தனார் அப்படியே நின்றுவிட்டார். நியாயம்தானே? தையல்காரர் கல்யாணமாவதற்கு முன்பு ஒரு தரம் ஷாக் அடித்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டவர். அன்றிலிருந்து ஸ்விட்சைக்கூட மரக்குச்சியால்தான் போடுவார். தையல் மிஷினுக்கு மோட்டார் வைத்துத் தருகிறேன் என்று மனைவி எத்தனை தரம் சொல்லியும் காலால் மிதிப்பதை விடவில்லை. பதினோரு வருஷமாக மனைவி தினம் போய்வந்த அறைக்குள் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

பேட்டரி அறை சின்னதுதான், ஆனால் ஆஸ்பத்திரி மாதிரிச் சுத்தமாக இருந்தது. ஒரு மூலையில் துடைப்பம், கொடியில் கைதுடைக்கும் துணி. சுவர் முழுக்க ஸ்விட்சுகள், வீட்டுக்கு ஒன்றாக. அவருடைய கண் ஸ்விட்சுகளில் நிற்கவில்லை. ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் கீழே ஒரு துணித்துண்டு தொங்கியது.

அவருக்கு ஒவ்வொரு துண்டும் தெரிந்தது. தெரியாமல் என்ன, வெட்டியது அவர்தானே? காக்கித் துண்டு டிரைவர் அண்ணன் யூனிஃபாரம். வெள்ளை நர்ஸம்மா கோட்டு. பச்சைக் கட்டம் போட்டது எதிர்வீட்டுக்காரர் சட்டை. வெட்டுத்துணிகளைக் காணவில்லை என்று அவர் கத்தாத நாள் உண்டா? எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று இவள் முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள். ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் ஒரு எண் தைத்திருந்தது. கோணலும் மாணலுமாக, ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை. தையல்காரன் பெண்டாட்டிக்கு ஊசி பிடிக்கத் தெரியாது என்று ஊரே சிரிக்கும்.

"இது என்ன நம்பர்?" என்றார். "வீட்டு நம்பர் மாதிரி இல்லையே."

"நிறுத்தற வரிசை மச்சான். பேட்டரி இறங்க இறங்க, ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா நிறுத்தணும். கைக்குழந்தை இருக்கற வீடெல்லாம் முப்பதுக்கு மேல. டிரைவர் அண்ணன் நாற்பத்திரண்டு. நர்ஸம்மா ஃப்ரிட்ஜு நாற்பத்துமூணு, அது கடைசி. யாருக்காவது உடம்பு சரியில்லன்னா, பிள்ளை பொறந்தா, அக்கா வந்து துணியை மாத்தி மாட்டும்."

"நம்ம வீடு எது?"

 கொத்தனார் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரிசையின் தொடக்கத்தில் நீலப் பூப்போட்ட ஒரு துண்டு தொங்கியது. கல்யாணமான புதிதில் அவர் அவளுக்குத் தைத்துக்கொடுத்த முதல் ரவிக்கையின் துணி. அதில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. மற்ற துண்டுகளெல்லாம் எத்தனையோ தரம் கழற்றி மாட்டியதில் ஓரம் நைந்திருந்தன. இது மாட்டிய இடத்திலேயே புதுசு போல இருந்தது.

பதினோரு வருஷம். மழைக்காலம் வந்தால் ஊரில் முதலில் இருட்டாவது அவர்கள் வீடுதான். "கரண்டுக்காரி வீட்ல கரண்டு இல்ல, வெளிய சொல்லிக்க வெக்கமா இருக்கு" என்று அவர் எரிந்து விழுவார். "நம்ம லைன் கொஞ்சம் வீக்குங்க, பாக்கறேன்" என்று மெழுகுவர்த்தியை ஏற்றுவாள். அவரும் நம்பினார். வால்வு மாற்றிய நெஞ்சோடு வியர்த்து ஒழுக விசிறி இல்லாமல் படுத்துக்கொண்டு, லைன் வீக்காம். எப்பேர்ப்பட்ட பொய்க்காரி! எப்பேர்ப்பட்டவளோடு இருந்திருக்கிறோம் என்று அவருக்கு நெஞ்சு விம்மியது. அவளை அப்போதே எழுப்பி நான்கு வார்த்தை திட்ட வேண்டும் போலவும், அவள் காலடியில் உட்கார வேண்டும் போலவும் இருந்தது.

"எல்லாரும் வரிசையை மாத்திட்டாங்க பாருங்க" என்றார் கொத்தனார் மெதுவாக. "இருபதாம் நம்பரெல்லாம் நின்னு போச்சு. ஒண்ணு ஓடுது."

"அவ பாத்தா என்ன சொல்லியிருப்பா?"

"தோலை உரிச்சிருக்கும்."

தையல்காரர் சுற்றிப் பார்த்தார். மரக்குச்சி எதுவும் இல்லை. கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். நீலப் பூத்துணிக்கு மேலே இருந்த ஸ்விட்சில் விரலை வைத்தார்.

"மச்சான்," கொத்தனார் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "பிள்ளைக்கு என்ன சொல்லப்போறீங்க?"

"தெரியலடா."

ஸ்விட்ச் அவர் நினைத்ததைவிட லேசாக இறங்கியது. ஷாக் ஒன்றும் அடிக்கவில்லை. நீலத் துணியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பெட்டி ஓடாமல் மறுநாள் மதியம்வரை உடம்பை வைத்திருக்க முடியாது; இருட்டுவதற்கு முன் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். மழை விட்டிருந்தது. சேற்றில் கால் வழுக்க, ஊரே கூட நடந்தது. டிரைவர் அண்ணன் வீட்டு வாசலில், நீளக் குழாயின் மறுமுனை உள்ளே மிஷினில் இருக்க, எட்டுகிற தூரம்வரை வந்து நின்றுகொண்டிருந்தார். அவள் கொண்டையிலிருந்த டெஸ்டரை எடுக்கலாமா வேண்டாமா என்று பெண்கள் கேட்டார்கள். "இருக்கட்டும். அங்கேயும் போய் எதையாவது நோண்டுவா" என்றார் தையல்காரர்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வெயில் வந்தது. வந்தது என்றால் அப்படி ஒரு வெயில், நான்கு நாள் பாக்கியையும் சேர்த்து. பேட்டரி ஏறத் தொடங்கியதும் கொத்தனார் வரிசைப்படி பெரிய நம்பரிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போட்டுக்கொண்டு வந்தார். துக்க வீடாச்சே, முதலில் போடட்டுமா என்று ஆள் விட்டுக் கேட்டார். "வரிசை தப்பக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார் தையல்காரர்.

மகள் பன்னிரண்டு மணிக்கு வந்தாள். முழங்கால் வரை சேறு, முடியெல்லாம் காய்ந்த மண். தோள் பையைக்கூட இறக்காமல் நேராகக் கூடத்துக்கு வந்தாள். மூடி திறந்து, காலியாக, ஒயர் சுருட்டி வைத்த பெட்டியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

தையல்காரர் ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்து போனது. நடுராத்திரி, இருபது, சிலிண்டர், இரண்டு மணி நேரம் என்று என்னென்னவோ சொல்ல வேண்டும். "நான்தாம்மா நிறுத்தினேன்" என்று மட்டும்தான் வந்தது. "என் கையால."

 அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் பையிலிருந்து நீலத் துணியை எடுத்து நீட்டினார். 

"நம்ம வீடு ஒண்ணாம் நம்பராம்மா. எனக்கு நேத்துதான் தெரியும்."

அவள் அதை வாங்கி, சிவப்புக் கோட்டின் மேல் கட்டைவிரலால் தடவினாள். சேறு ஒட்டிக்கொண்டது.

"எனக்குத் தெரியும்ப்பா. அம்மாவுக்குத் தைக்க வராதுன்னு பென்சில்ல நம்பர் போட்டுக் குடுத்ததே நான்தான். அப்ப ஆறாவது படிச்சேன். ஏம்மா நம்மளுது ஒண்ணுன்னு கேட்டேன். அப்பா கிட்ட சொல்லிடாத, அவரு இருட்டுன்னா பயப்படுவாருன்னுச்சு."

"நானா? இருட்டுக்கா?" என்றார் தையல்காரர். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முகம் கோணிக்கொண்டது.

மகள் அந்தத் துணியை அவருடைய தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு, பையை இறக்கினாள். தன் கால்களைக் குனிந்து பார்த்தாள்.

"வெந்நீர் வருதாப்பா?"

"காலையிலேர்ந்து வெயில்மா. வரும்."

அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவர் வெளியே சுவரோரம் நின்றார். குழாய் திறக்கிற சத்தம், வாளி அடியில் தண்ணீர் விழுகிற சத்தம், பிறகு செம்பு செம்பாக ஊற்றுகிற சத்தம். வெகுநேரம் ஊற்றினாள். பிறகு நிசப்தம். தண்ணீர் மட்டும் தரையில் சுழன்று வடிகாலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா" என்றாள் உள்ளேயிருந்து.

"ம்?"

"எத்தனை?"

அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும், தான் இத்தனை நேரமும் வாய்க்குள் எண்ணிக்கொண்டுதான் நின்றிருக்கிறோம் என்பதும் தெரிந்தது. கடைசித் தண்ணீர் குழாய்க்குள் மடமடவென்று இறங்கி அடங்கியது.

"பதினாறு" என்றார்.

உள்ளே ஒரு தேம்பல் கேட்டது. குழாயை மறுபடி திறந்தாள். இந்தத் தடவை வாளி நிரம்பி, வழிந்து, வழிந்துகொண்டே இருந்தது. அவள் மூடவில்லை. அவரும் மூடச் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார்.